அப்பாவுக்கு ஒத்துக்காத மாத்திரை

முரளி,

நீ போனில் கேட்டதற்கு நான்கு நாளாகப் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருக்கிறேன். "ஆராய்ச்சி வேலைலயே இருக்கட்டுமா, கல்யாணத்துக்கு முன்னாடி கம்பெனிக்கு மாறிடட்டுமா, நீயே ஒண்ணு சொல்லும்மா" என்று கேட்டாய். பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது இதே கேள்விக்கு ஒரு நொடியில் பதில் சொன்னவள் நான். ஒசூரிலேயே மாத்திரை தயாரிக்கிற கம்பெனி, தரம் பார்க்கிற வேலை, வீட்டுப் பக்கத்திலேயே வண்டி வந்து நிற்கும், வருஷா வருஷம் நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று காத்துக் கிடக்க வேண்டாம், யோசிக்காமல் சேர்ந்துவிடு என்றேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாய். இப்போது அதே பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று போனில் சொல்லத் தொடங்கினால் நடுவில் நீ "சரி விடும்மா" என்பாய். அதுதான் சாக்கு என்று நானும் விட்டுவிடுவேன். அப்படி விட்டு விட்டுத்தான் பதினொரு வருஷம் ஓடிவிட்டது. அதனால் எழுதுகிறேன். அங்கன்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்கள். ஆயா பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார். மூன்று மணிவரை என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். இன்று முடியாவிட்டால் நாளைக்கு இதே நேரத்தில் தொடர்வேன்.

இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்று எழுதவில்லை. இன்னும் ஐந்து வாரத்தில் நம் வீட்டுக்கு வரப்போகிற கௌரியும் படிக்கட்டும். என் அண்ணன், உன் மாமா, அவரும் படிக்கட்டும். அவரிடமும் உன்னிடமும் தெருவிலும் நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியது இது. சொன்னபோது அது பொய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் திருத்தாமல் இருந்தேன். முதலாவதை யாராவது மன்னிக்கலாம். இரண்டாவதை எப்படிக் கேட்பது என்று எனக்கே தெரியவில்லை.

உனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா குருபரப்பள்ளிப் பக்கம் கிரானைட் கம்பெனியில் கல் அறுக்கிற மிஷினில் நின்றுகொண்டிருந்தார். அவர் குடிப்பார் என்பது ஊருக்கே தெரியும். சம்பளம் வாங்கின அன்று கல் ஏற்றிப் போகிற லாரியில் தொற்றிக்கொண்டு ஜூஜுவாடி செக்போஸ்ட்டைத் தாண்டி அத்திப்பள்ளி போய்விடுவார். அது கர்நாடகா, அந்தப் பக்கம் சரக்கு விலை குறைவு என்று ஒரு காரணம் வைத்திருந்தார்கள். அடிக்கிற ஆள் இல்லை, சத்தம் போடுகிற ஆள் இல்லை. வந்து படுத்துவிடுவார். ஆனாலும் குடிக்கிறவர் குடிக்கிறவர்தானே. அந்த வருஷம் இருமல் விடாமல் வந்தது, உடம்பு இளைத்தது. சூளகிரி ஆஸ்பத்திரியில் சளி பரிசோதித்து டி.பி. என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை, குடி கூடவே கூடாது, கல் தூசியில் இனி நிற்கக் கூடாது என்றார்கள். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்: "இன்னியோட விட்டுட்டன். நம்பு." நான் தலையை ஆட்டினேன். அதற்கு முன்னாலும் நான்கைந்து தடவை அப்படிச் சொல்லியிருக்கிறார்.

அந்த நாளில் டி.பி. மாத்திரையைக் கையில் கொடுத்தனுப்ப மாட்டார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள், யாராவது எதிரில் நின்று விழுங்க வைத்து அட்டையில் குறிக்க வேண்டும். நம் ஊருக்கு அந்த ஆள் அங்கன்வாடி டீச்சரான நான்தான். வீட்டு ஆள் கொடுக்கக் கூடாது என்பார்கள், வேறு யாரும் இல்லாததால் அப்பாவுடைய பெட்டியும் என்னிடமே வந்தது. ஆளுக்கு ஒரு பெட்டி, மேலே பெயர் எழுதியிருக்கும். உள்ளே எல்லாருக்கும் ஒரே மாத்திரைதான், உடம்பு கனமானவர்களுக்கு மட்டும் ஒன்று கூடும். எனக்கு அந்த வேலையில் ஒரு பெருமை இருந்தது, முரளி. என் அட்டையில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய்த் துப்புகிறவர்களை நான் கண்டுபிடித்துவிடுவேன். "வாயத் தொற, நாக்கத் தூக்கு" என்று சொல்லிப் பார்ப்பேன். உன் அப்பாவையும் அப்படித்தான் வாயைத் திறக்க வைத்துப் பார்த்தேன்.

மூன்றாவது வாரத்திலேயே அவர் சொல்ல ஆரம்பித்தார். "மாத்திர போட்ட அன்னிக்கெல்லாம் வயித்தப் பிரட்டுது. சோத்தப் பாத்தாலே உமட்டுது. இது எனக்கு ஒத்துக்கல."

"எல்லாருந்தான் போடறாங்க. ஒங்களுக்கு மட்டும் என்ன?" என்றேன்.

"எனக்கு மட்டுந்தான்னா எனக்கு மட்டுந்தான். டாக்டருகிட்ட ஒரு வார்த்த கேளேன்."

நான் கேட்கவில்லை. மாத்திரை ஆரம்பத்தில் கொஞ்சம் உமட்டும், விடாமல் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மஞ்சளாகச் சிறுநீர் போனால், கண் மஞ்சளானால் உடனே அனுப்ப வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முதலாவதைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் பத்து நாள் கொடுத்தேன். ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார்.

அதற்குள் இன்னொன்று நடந்தது. அவர் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் கன்னட எழுத்துப் போட்ட பஸ் டிக்கெட் இருந்தது. எனக்குக் கன்னடம் பேசத்தான் வரும், படிக்க வராது. ஆனாலும் அது அத்திப்பள்ளிப் பக்கத்து பஸ் என்பதற்குப் படிக்க வேண்டியதில்லை. கேட்டேன். "ஒரு குடோன்ல வாட்ச்மேன் வேல இருக்குன்னாங்க, கேட்டுட்டு வர்லாம்னு போனன். டாக்டரு தூசில நிக்க வேணான்னாருல்ல" என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வாயில் வாடை இல்லை. வாடை இல்லாததையும் நான் கவனித்தேன், முரளி. கவனித்தும் அதை எதற்கும் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுத்த திங்கட்கிழமை விடிந்து பார்த்தால் கண் இரண்டும் மஞ்சள்.

கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாத்திரையை நிறுத்தினார்கள், ரத்தம் எடுத்தார்கள். ஈரல் வீங்கியிருக்கிறது என்றார்கள். வார்டு டாக்டர் சின்ன வயது, பொறுமையாகப் பேசினார். "குடிப்பாரா?" என்று கேட்டார். "குடிப்பாருங்க" என்றேன். அப்பா படுக்கையிலிருந்து, "விட்டுட்டங்க, மாத்திர ஆரம்பிச்சதுல இருந்து தொடல" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பேசாமல் நின்றேன். "குடியாலயும் இப்படி வரும்மா, சில பேருக்கு இந்த மாத்திரையாலயே வரும், ரெண்டும் உண்டு" என்று அவர் சொன்னார். அவர் இரண்டையும் சொன்னார். என் காதில் ஒன்றுதான் ஏறியது. அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்து, "இவ்ளோ சொல்லியும் குடிச்சுட்டாருண்ணா, ஈரலு போச்சு" என்று அழுதேன். மாமா மறுநாளே வந்தார். வார்டில் நாற்பது பேர் பார்க்க, "ஒரு பொம்பள அங்கன்வாடில ஒழைச்சுக் கொட்றா, நீ அந்த மாத்திர மேலயே ஊத்திக்கினு கெடக்கற" என்று சத்தம் போட்டார். அப்பா ஒரு தடவை மட்டும் "இல்ல மாமா" என்றார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் மாமாவைத் தடுக்கவில்லை. எனக்காக ஒருவர் பேசுகிறார் என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

அவர் பிழைத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து ஒவ்வொரு மாத்திரையாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்தார்கள். டி.பி. போயிற்று. நிஜமாகவே ஜூஜுவாடியில் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. இன்றைக்கும் அதைத்தான் செய்கிறார். ஆனால் அந்த மாதத்தில் நீ என்னிடம் வந்து, "அப்பாவுக்கு என்னாச்சும்மா?" என்று கேட்டாய். நான் உனக்குச் சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "குடிச்சுக் குடிச்சு வயித்தக் கெடுத்துக்கிட்டாரு. நீ அவர மாதிரி ஆவாத." நீ ஆகவில்லை. அவரைப்போல எதிலும் ஆகாமல் பார்த்துக்கொண்டாய். அவர் வாங்கி வந்த பேனாவைத் தொடவில்லை. அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டாய். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியபோது மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னாய், அப்பா பக்கத்து அறையில்தான் இருந்தார். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் சொன்னதை நம்பினாய், அவ்வளவுதான். பிள்ளை அம்மாவை நம்பாமல் யாரை நம்பும்?

நான்கு வருஷம் கழித்து நாகவேணி வந்தாள். ரோஜாப் பண்ணையில் பூ வெட்டுகிற பெண், இருபத்திரண்டு வயதிருக்கும், கல்யாணமாகி ஒரு வருஷம். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவாள். அவளுக்கும் டி.பி., அவளுக்கும் என்னிடம் ஒரு பெட்டி. ஒரு மாதம் போல ஆனபோது, "டீச்சரம்மா, சோறு எறங்கல, சும்மா உமட்டிக்கினே இருக்குது, இந்த மாத்திர எனக்கு ஒத்துக்கல போல" என்றாள். ஒத்துக்கல என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். கண்ணில் லேசாக மஞ்சள். அன்றைக்கு மாத்திரை கொடுக்கவில்லை. பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். சீக்கிரம் பார்த்ததால் இரண்டு மூன்று வாரத்தில் சரியாயிற்று. இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள், சின்னவன் என் அங்கன்வாடியில்தான் படித்தான்.

அன்று அங்கே இருந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இவ குடிக்கிறவ இல்லிங்களே, இவளுக்கு எப்படிங்க?" அந்தம்மா சிரிக்கவில்லை. "குடிக்கிறவங்களுக்கு மட்டும்தான் வரும்னு யார் சொன்னாங்க? சிலர் உடம்பு இந்த மாத்திரையில ஒண்ணை மெதுவாத்தான் கழிக்கும். பொறப்புலயே அப்படி. உள்ள தேங்கி ஈரலுக்குக் கெடுதல் ஆகுறது அவங்களுக்கு அதிகம்" என்றார். "முன்னாடியே தெரிஞ்சுக்க முடியாதுங்களா?" என்றேன். "முடியும். அதுக்குப் பரிசோதனை இருக்கு. நம்ம ஊர்ல யார் செய்றாங்க?" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நாகவேணி ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். நான் சூளகிரிவரைக்கும் உன் அப்பாவின் கண்களை நினைத்துக்கொண்டு வந்தேன், மாத்திரையை விழுங்கும்போது என்னைப் பார்த்த கண்கள். ஒரு பெண்ணுக்கு வந்ததால்தான் நான் டாக்டரிடம் கேட்டேன். அவருக்கு வந்தபோது கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தேன். அவர் ஷிப்ட் முடிந்து வந்து, தானே சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். குழம்பு சூடாக இருக்கிறதா என்று கேட்டேன். அவ்வளவுதான் வாயிலிருந்து வந்தது. அவரிடம் சொன்னால் மாமாவிடம் சொல்ல வேண்டும். மாமாவிடம் சொன்னால் உன்னிடம் சொல்ல வேண்டும். நீ அப்போது பத்தாவது. பரீட்சை முடியட்டும் என்றேன், அப்புறம் பன்னிரண்டாவது முடியட்டும் என்றேன், காலேஜ் என்றேன். அவருக்கு நேரத்துக்குச் சூடாகச் சோறு போட்டேன், ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பிடித்த மீனை வாங்கினேன், அவர் சொல்லும் சின்ன விஷயத்துக்கெல்லாம் சரி என்றேன். கேட்க வேண்டிய மன்னிப்புக்குப் பதிலாக இதையெல்லாம் செய்துகொண்டிருந்தேன்.

அப்புறம் நீ படித்து முடித்து, பெங்களூரில் ஒரு ஆராய்ச்சியில் சேர்ந்தாய். டி.பி. மாத்திரை யாருக்கு எவ்வளவு என்று ரத்தத்தைப் பார்த்துச் சொல்கிற ஆராய்ச்சி என்று நீ சொன்னபோது நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். தீபாவளிக்கு வந்தபோது சமையலறையில் பலகைமேல் உட்கார்ந்துகொண்டு எனக்கு எல்லாவற்றையும் விளக்கினாய். ஒரே மாத்திரை ஒருவர் உடம்பில் சீக்கிரம் கழிந்துவிடும், இன்னொருவர் உடம்பில் தேங்கும். தேங்குகிறவர்களுக்குக் குறைத்துக் கொடுக்கலாம், சீக்கிரம் கழிகிறவர்களுக்குக் கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கலாம். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கொஞ்சம் ரத்தம் கொடுத்தால் போதும், இந்தக் குணம் மாறாது. "நம்ம பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம்னு எத்தன ஜனம் இருக்கு, தலமொற தலமொறயா சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கறாங்க, ஒவ்வொரு ஜனத்துலயும் எத்தன பேருக்கு எப்படின்னு யாரும் சரியாப் பாக்கலம்மா" என்றாய். வலிப்பு மாத்திரைக்கும், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரைக்கும்கூட இதே மாதிரி பார்க்க வேண்டியிருக்கிறது என்றாய். "இவ்ளோ நல்ல விஷயத்துக்கு ஏன்டா பணம் தரமாட்டேங்கறாங்க?" என்று கேட்டேன். நீ சொன்ன பதில் எனக்கு மறக்கவில்லை. "புது மருந்துன்னா விக்கறவங்களுக்கு லாபம், அதுக்குப் பணம் போடுவாங்க. இது பழைய மாத்திர, அரசாங்கம் சும்மா தர்றது. இத ஒருத்தருக்குச் சரியா குடுத்தா யாருக்கும்மா லாபம்? அவருக்கு மட்டுந்தான்."

சீக்கிரம் கழிகிறவர்களுக்கு மாத்திரை போதாமல் போகலாம், நோய் திரும்பலாம் என்றும் சொன்னாய். நான் அப்போது எழுந்து வெளியே போனேன், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ரோட்டோரம் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தவர் ஒருவருக்கு என் கையால் ஆறு மாதம் மாத்திரை கொடுத்தேன். ஒரு கட்டம் காலியில்லை. அடுத்த வருஷமே அவருக்கு நோய் திரும்பியது. "நீ மாத்திரயத் துப்பிருப்ப, என்ன ஏமாத்திட்ட" என்று கடை வாசலில் நின்று கத்தினேன். அவருக்கு ஏன் திரும்பியது என்று எனக்குத் தெரியாது, இனி தெரியவும் வழியில்லை, அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். ஆனால் அவர் விழுங்கியதை நான் கண்ணால் பார்த்தவள். பார்த்தும் கத்தினேன்.

போன மாதம் சூளகிரியில் பழைய நோயாளிகளிடம் ரத்தம் எடுக்க நீங்கள் வந்தபோது ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தது நான்தான். அப்பாவை நான் கூப்பிடவில்லை. அவராக ஷிப்ட் மாற்றிக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டு வந்து வரிசையில் நின்றார். மகன் வேலை செய்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை, வேறொன்றுமில்லை. அவர் முறை வந்தபோது உனக்கு அவசரம், பின்னால் கூட்டம். படிவத்தில் பெயர், வயது எல்லாம் நீயே எழுதினாய், அவரைக் கேட்க வேண்டியதில்லையே. நான் உன் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மாத்திரை போட்ட காலத்தில் மதுப்பழக்கம் என்ற இடத்தில் நீ நிமிரவே இல்லை. 'உண்டு' என்று டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாய். அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

முடிவு வந்ததும் நீ போன் செய்தாய், ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். "அப்பா, உங்க உடம்பு அந்த மாத்திரய மெதுவா கழிக்கற ரகம். இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா வாய்ப்பு அதிகம். கூட நீங்க குடிச்சதும் சேர்ந்திருக்கும்" என்றாய். குரலில் கோபம் இல்லை. டாக்டர் நோயாளிக்குச் சொல்கிற மாதிரி மரியாதையாகச் சொன்னாய். அவர், "இருக்கும்ப்பா" என்றார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இல்லை, இல்லை என்று சொன்ன மனுஷன், முரளி. உன்னிடம் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

நீ வைத்த பிறகு நான் சொன்னேன். "நீங்க அப்ப குடிக்கலங்க. எனக்குத் தெரியும். நாகவேணிக்கு வந்தப்பவே தெரியும்."

"நீ தெரிஞ்சுக்கிட்டன்னு எனக்கும் தெரியும்" என்றார். "அந்தப் பொண்ணக் கூட்டிக்கினு போய்ட்டு வந்த வாரத்துல இருந்துதான் எனக்கு மொதல்ல சோறு போட ஆரம்பிச்ச."

"அப்புறம் ஏங்க ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ அழுவ. அப்புறம் நாந்தான் ஒன்ன சமாதானம் பண்ணணும். எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல."

நான் அழவில்லை. அழுதால் அவர் சொன்னது போலவே ஆகிவிடும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். "சரி" என்றார். ஒரு வார்த்தைதான், ஆனால் அதைச் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார். "பையன்கிட்ட நீ சொல்லிடு. நான் சொன்னா எனக்காகப் பேசிக்கற மாதிரி ஆயிடும்." மாமாவிடமும் போய்ச் சொல்லிவிட்டேன், நேரில் போய். மாமா ரொம்ப நேரம் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் வருகிறேன் என்றார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இந்த வேலையிலேயே இரு என்று நான் கட்டளை போட மாட்டேன். அடுத்த வருஷம் பணம் வராவிட்டால் கஷ்டப்படப்போவது நீங்கள் இருவரும், நான் இல்லை. கம்பெனி வேலையும் கௌரவமான வேலைதான், அங்கே சோதித்து அனுப்புகிற மாத்திரையைத்தானே நாங்கள் நம்பிக் கொடுக்கிறோம். ஆனால் பொங்கலன்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அன்று என் மனதில் சம்பளம் மட்டும் இல்லை. நீ அந்த ரத்தத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே போனால் என்றைக்காவது அப்பாவுடையதையும் பார்ப்பாய் என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்தில் சொன்ன யோசனையை நீ கணக்கில் எடுக்காதே. உங்கள் ஆராய்ச்சி முடிந்து, ஒரு அங்கன்வாடி டீச்சர் கையில் பெட்டியோடு ஒரு சீட்டும் வந்தால், இவருக்கு இவ்வளவு, இவரைக் கொஞ்சம் கவனித்துக்கொள் என்று அதில் எழுதியிருந்தால், என்னை மாதிரி ஒருத்தி அட்டையை நம்பி ஆளை நம்பாமல் போக மாட்டாள். எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது. ஆகாமலும் போகலாம். ஆனால் அதற்காக உட்கார்ந்திருக்கிற நான்கைந்து பேரில் நீ ஒருவன் என்று நினைக்கும்போது எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

கௌரியிடம் பேசினேன். ஒசூரில் லேபில் நாள் முழுக்க ரத்தம் எடுக்கிற பெண், அவளுக்கு உன் வேலை என்னைவிட நன்றாகப் புரிகிறது. "ஒரு வருஷத்துக்கு வேல இருக்குங்கறதும் நெஜந்தான அத்த? அந்த ஒரு வருஷம் செய்யட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள். மனதில் வேறு என்னவோ வைத்துக்கொண்டு சொல்கிறாள் என்று தேடாதே. நாளைக்கு அவளே வந்து, முடியவில்லை, மாற்றிக்கொள் என்றால் அதையும் நம்பு. கல்யாணம் செய்துகொள்கிறவனுக்கு என்னிடம் இருக்கிற புத்திமதி இது ஒன்றுதான். தனக்கு வயிற்றைப் பிரட்டுகிறது என்று ஒருத்தர் சொன்னால், எல்லாருக்கும் அப்படித்தான் என்று பதில் சொல்லாதே. எங்கே, எப்போதிலிருந்து என்று கேள். நான் அதைக் கேட்டிருந்தால் இவ்வளவு நீளமான கடிதம் எழுத வேண்டியிருக்காது.

அப்புறம் அந்தப் படிவம். அம்மா சொன்னாள் என்று அதைத் திருத்தக் கூடாது, அதற்கு உங்கள் இடத்தில் ஒரு முறை இருக்கும், அப்படியே செய். என்னைச் சாட்சியாகவும் வைக்காதே. அவரைக் கேட்டு எழுது.

இரண்டு நாளாக எழுதிய இதை நேற்று அவரிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். மாமா சத்தம் போட்ட இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடியும் படித்தார். முடித்துவிட்டு, "ஒண்ணு தப்பா எழுதிருக்க" என்றார். "பஸ் ஸ்டாப்ல இன்னியோட விட்டுட்டன்னு சொன்னன் பாரு, அன்னிக்குச் சாயங்காலம் ஒரு தடவ குடிச்சன். கடைசியா ஒண்ணுன்னு. மறுநாள்தான் மாத்திர ஆரம்பிச்ச. அதுக்கப்புறம் ஒரு சொட்டு இல்ல. அதையும் எழுது. பையன் வேலைக்கு அது தேவப்படும்."

எழுதிவிட்டேன். கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு இதையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறுவார், பத்து மணிக்கெல்லாம் உன் அறைக்கு வந்துவிடுவார். நான் வரவில்லை. நீ இதைப் படித்து முடிக்கும்போது அவர் உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். என்ன எழுதியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் உன் முகத்தைப் பார்க்காமல் வேறெங்காவது பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு முதலில் ஏதாவது சாப்பிடக் கொடு. நீயும் கூட உட்கார்ந்து சாப்பிடு.

அம்மா